கேட்பாரற்ற நீச்சல் குளமும் கொசுத் தொல்லையும்

வேளாண்மைப் பக்கத்தில் நீச்சல் குளத்திற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். செங்கல்பட்டு மாவட்டக் கடலோரக் கிராமங்களில் நிலம் வைத்திருப்பவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். கோவளத்தில் தொடங்கி மாமல்லபுரம், கல்பாக்கம் வழியாகப் பாலாற்று முகத்துவாரம் வரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரு மருங்கிலும் சவுக்குத் தோப்பாகவும் வேர்க்கடலைக் கொல்லையாகவும் இருந்த நிலங்கள் பல, கைமாறிப் பண்ணை வீடுகளாகவும் விடுதிகளாகவும் ஆகிவிட்டன. பண்ணை வீடு என்றால் பக்கத்தில் ஒரு நீச்சல் குளமும் இருக்கும். சொந்தக்காரர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார். வருஷத்திற்கு இரண்டு தடவை வந்து போவார். எஞ்சிய நாட்களில் அந்தக் குளம் யாருக்குப் பயன்படுகிறது என்றால், கொசுவுக்குத்தான்.

இவ்வீடுகளுக்கு அடுத்த வேலியில்தான் நம் விவசாயியின் அரை ஏக்கர் கத்தரியும், முக்கால் ஏக்கர் நெல்லும் இருக்கின்றன. சம்பா நடவு நேரத்தில் வீட்டில் இருவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நாற்று முற்றிப்போகும், கூலிக்கு ஆள் பிடித்தால் கையிருப்புக் கரையும், மருத்துவச் செலவுக்கு நகை அடகுக்குப் போகும். இந்த நஷ்டம் எந்தச் சாகுபடிச் செலவுக் கணக்கிலும் வருவதில்லை. இதைத் தவிர இன்னொரு தொடர்பும் உண்டு. அந்தப் பண்ணை வீடுகளைக் காவல் காப்பவர்களும், தோட்ட வேலை பார்ப்பவர்களும் பெரும்பாலும் உள்ளூர் விவசாயிகளே. ஆகவே குளத்தின் சாவி பல இடங்களில் நம் வாசகர்கள் கையிலேயே இருக்கிறது.

குளம் எப்படிக் கெடுகிறது?

ஓடுகின்ற நீச்சல் குளத்தில் கொசு பெருகுவதில்லை. தினமும் சில மணி நேரம் மோட்டார் ஓடி, நீர் வடிகட்டியின் வழியே சுழல்கிறது. நீர்ப் பரப்பு அசைந்துகொண்டே இருப்பதால் கொசுப்புழு மூச்சுவிட இடைஞ்சல். மிதக்கும் குப்பை அகற்றப்படுவதால் புழுவுக்குத் தீனியும் இல்லை. மோட்டார் நின்ற நாளிலிருந்து கதை மாறுகிறது. நம் ஊர் வெயிலில் நீரில் கலந்த குளோரின் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் நிற்பதில்லை. சவுக்கு இலையும் வேப்பஞ் சருகும் விழுந்து ஊறும். ஒரு வாரத்தில் நீர் இளம்பச்சையாகும்; மூன்று வாரத்தில் கரும்பச்சையாகும். அந்தப் பாசியும் அழுகிய இலையும்தான் கொசுப்புழுவின் உணவு.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது கடற்கரைச் சாலை விடுதிகள் எல்லாம் ஒரே நாளில் மூடப்பட்டதை நாம் அறிவோம். 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. புயல் அடித்து மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. முறிந்த கிளையெல்லாம் குளத்தில் கிடக்கும். மேலே மழை வேறு. கொசுவுக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய தொல்லையும் அன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பேக்கர்ஸ்பீல்டு என்ற நகரம், பருத்தியும் திராட்சையும் பாதாமும் விளையும் விவசாயப் பிரதேசத்தின் நடுவே உள்ளது. 2007-இல் வீட்டுக் கடனைக் கட்ட முடியாமல் அங்கே பலர் வீட்டைக் கைவிட்டுப் போனார்கள். கூடவே நீச்சல் குளங்களும் கைவிடப்பட்டன. விமானத்திலிருந்து படம் பிடித்துப் பார்த்தபோது, கண்ணில் பட்ட குளங்களில் ஏறக்குறைய ஆறில் ஒன்று பச்சையாகக் கிடந்தது. அந்தக் கோடையில் வெஸ்ட் நைல் என்னும் கொசுவழிக் காய்ச்சல் கண்டவர்களின் எண்ணிக்கை, முந்திய வருஷத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் போயிற்று. வழக்கமாகக் கோடை வறட்சியில் கொசு குறையும் பிரதேசம் அது. கடனில் மூழ்கிய வீடுகளின் குளங்கள் அந்த வழக்கத்தை மாற்றிவிட்டன.

எந்தக் கொசு, எந்த நீரில்?

எல்லாக் கொசுவும் ஒன்றல்ல. விவசாயிகள் தத்துப்பூச்சிக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் வேறுபாடு அறிவதுபோல இதையும் அறிந்துகொள்வது நல்லது. மருந்தும் முறையும் அதைப் பொறுத்தே அமையும்.

அழுக்கு நீரில் பெருகுவது கியூலெக்ஸ் கொசு. இரவில் காதருகே ரீங்காரமிட்டுக் கடிப்பது பெரும்பாலும் இதுவே. யானைக்கால் நோயைப் பரப்புவதும் இதுதான். காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்துப் பெரியவர்களுக்கு அந்நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நெல் வயலில் பெருகும் இன்னொரு வகைக் கியூலெக்ஸ், மூளைக் காய்ச்சலைப் பரப்பும். இந்தியாவில் அந்நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1955-இல் நமது வேலூர் வட்டாரத்தில்தான்.

தெளிந்த நீரில், கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிடுவது அனாபிலஸ் ஸ்டீபன்சி. சென்னை நகரத்து மலேரியாவுக்குக் காரணம் இக்கொசு. பாசி பிடிக்கத் தொடங்காத, கைவிட்டு ஒரு வாரமே ஆன நீச்சல் குளமும் இதற்கு ஏற்ற இடமே.

மூன்றாவது, பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு. காலில் வெள்ளை வரிகள் இருக்கும். டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் பரப்புவது இது. தமிழ்நாட்டில் 2012-இல் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கும், 2017-இல் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கும் டெங்கு கண்டது. ஆனால் ஏடிஸ் கொசுவுக்கு நீச்சல் குளம் அத்தனை விருப்பமான இடமன்று. குளத்தைச் சுற்றிக் கிடக்கும் பூந்தொட்டித் தட்டு, வாளி, பிளாஸ்டிக் நாற்காலியின் குழி, குளத்தின் மேல் போர்த்திய தார்ப்பாய் மடிப்பு ஆகியவையே அதற்கு உகந்தவை. குளத்தை மூடிவிட்டோம் என்று தார்ப்பாயை விரித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், மழை விட்ட மறுவாரம் அந்தத் தார்ப்பாயின் பள்ளத்தில் எட்டிப் பார்க்கட்டும்.

இந்த வேறுபாடு தூரத்திலும் உண்டு. ஏடிஸ் கொசு பிறந்த இடத்திலிருந்து 100, 200 மீட்டருக்குள்ளேயே சுற்றும். அது கடித்தால் காரணம் நம் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருக்கிறது என்று பொருள். மற்ற இரண்டும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வரை பறந்து வரக்கூடியவை. ஆகவே சாலைக்கு அப்பால் உள்ள குளத்தின் கொசு, இப்பால் உள்ள குடிசைக்கு வந்து சேரும்.

சோதனை எளிது. வெள்ளை நிறக் கிண்ணம் அல்லது அகப்பையைக் கொண்டு குளத்தின் ஓரத்திலும் மூலையிலும் நீரை மெல்ல முகந்து பார்க்க வேண்டும். நடுவில் முகந்து பயனில்லை. காற்று ஒதுக்கும் பக்கத்தில்தான் புழு கூடும். நீர்ப் பரப்பை ஒட்டிக் கிடைமட்டமாகப் படுத்திருந்தால் அது அனாபிலஸ் புழு. தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ். கால்புள்ளி போல வளைந்து குட்டிக்கரணம் போடுவது கூட்டுப்புழு. கூட்டுப்புழு தென்பட்டால் இரண்டு நாளில் கொசு பறந்துவிடும் என்று கொள்ளலாம். முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆகின்றன. வாரம் ஒரு முறை என்று சுகாதாரத் துறையினர் வற்புறுத்துவது இக்கணக்கை வைத்தே.

காலி செய்யலாமா?

திருப்போரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பண்ணை வீட்டைக் காவல் காக்கும் விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, தண்ணியை இறைச்சிட்டா முதலாளி கோவிச்சுக்கிறார். விட்டு வச்சா பஞ்சாயத்துல இருந்து வந்து சத்தம் போடறாங்க. நான் என்னதான் செய்யட்டும்?"

முதலாளி கோபித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காரணத்தைச் சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

நமது கடலோரம் மணற்பாங்கானது. கோடையில் பத்து, பன்னிரண்டு அடிக்குக் கீழே இருக்கும் ஊற்று, ஐப்பசி கார்த்திகையில் இரண்டு மூன்று அடிக்கே வந்துவிடும் இடங்கள் உண்டு. நீர் நிரம்பிய அண்டாவில் காலிக் குடத்தை அமுக்கிப் பாருங்கள். கையை எடுத்ததும் குடம் மேலே எழும். அதேபோல், சுற்றிலும் ஊற்று ஏறியிருக்கும்போது குளத்தைக் காலி செய்தால், கீழிருந்து நீர் நெக்கித் தள்ளி, தளம் வெடிக்கும். சில வேளை குளமே மேலே கிளம்பிவிடும். கட்டும்போது இதற்கென வழி செய்யாத குளங்களில் இந்த அபாயம் உண்மையானது. எனவே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீச்சல் குளத்தைக் காலி செய்யக் கூடாது. செய்வதானால் மாசி முதல் வைகாசி வரையில், பக்கத்துக் கிணற்றில் நீர்மட்டம் குளத்தின் அடிமட்டத்திற்குக் கீழே இருப்பதைப் பார்த்துக்கொண்டு செய்யலாம்.

காலி செய்தால் அடிவரை காலி செய்ய வேண்டும். பாதி இறைத்துவிட்டு மோட்டார் காற்றிழுக்கிறது என்று விட்டுவிடுவதே வழக்கமாக இருக்கிறது. நீர் நிறைந்த குளத்தைவிட இதுவே மோசமானது. ஆழமான மூலையில் அரை அடி நீர், அதில் அழுகிய இலை, காற்றுப் படாத பள்ளம், மேலே நிழல்: கியூலெக்ஸ் கொசு தேடித் திரியும் இடம் இதுதான். ஆழம் நிறைந்த குளத்தில் தட்டான் புழுவும் நீர்ப்பூச்சிகளும் சேர்ந்து கொசுப்புழுவை ஓரளவு தின்னும். அழுகல் தேங்கிய பள்ளத்தில் அவை தங்குவதில்லை. கடைசி அரை அடியை வாளியால் முகந்து, கோணியால் துடைத்து எடுக்கத்தான் வேண்டும். அடுத்த மழைக்கு மீண்டும் நீர் சேரும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், சரிவான தளத்தில் விழும் நீர் அத்தனையும் அந்த மூலைக்குத்தான் ஓடும்.

சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். ஏடிஸ் கொசு நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கிறது. அம்முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். வீட்டுத் தொட்டிகளுக்கும் இதே விதி.

பலர் கவனிக்காத இடங்கள் சில உண்டு. நீர் வழிந்தோடும் ஓரக் கால்வாய், அதன் மேலுள்ள பிளாஸ்டிக் சல்லடை, குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர் பெட்டி, வழிந்த நீரைத் தாங்கும் நிலத்தடித் தொட்டி, வால்வுக் குழி, மோட்டார் அறையின் பள்ளம் ஆகியவற்றில், குளம் வறண்ட பிறகும் நீர் நிற்கும். குளத்தைச் சுத்தம் செய்தும் கொசு குறையவில்லை என்பவர்கள் முதலில் மோட்டார் அறைக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

இறைத்த நீரைப் பயிருக்கு விடலாமா?

30 அடி நீளம், 15 அடி அகலம், சராசரி 4 அடி ஆழமுள்ள குளத்தில் 1,800 கன அடி நீர் இருக்கிறது. லிட்டர் கணக்கில் சுமார் 51 ஆயிரம். தென்னை ஒன்றுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று வைத்தாலும், 50 மரத்திற்கு 20 நாள் பாய்ச்சல். கோடையில் இது சாமானியமல்ல. பச்சையாகிப்போன நீரில் பாசி இருப்பதால் தென்னைக்குக் கெடுதல் இல்லை. சொட்டு நீர்க் குழாயில் மட்டும் விடவேண்டாம், பாசி அடைத்துக்கொள்ளும். புதிதாகக் குளோரின் போட்ட நீராக இருந்தால் நாலைந்து நாள் வெயிலில் விட்டு, வாடை முற்றிலும் போனபின் பாய்ச்சலாம்.

ஆனால் பாய்ச்சுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்: அது உப்புக் குளமா? இப்போது கட்டப்படும் குளங்கள் பலவற்றில், சமையல் உப்பைக் கரைத்து, கருவியின் மூலம் அதிலிருந்தே குளோரின் எடுக்கிறார்கள். லிட்டருக்கு 3 கிராம் அளவில் உப்பு இருக்கும். வாயில் வைத்தால் இலேசாகத்தான் கரிக்கும், ஏமாந்துவிடலாம். மேற்படிக் குளத்துக்குக் கணக்கிட்டால் 150 கிலோ உப்பு, அதாவது 50 கிலோ மூட்டை மூன்று. ஏற்கெனவே கடல்நீர் உட்புகும் மண்ணில் அதைக் கொண்டுபோய்க் கொட்டுவதா? தென்னை சற்றுத் தாங்கினாலும் கத்தரி, வெண்டை, நெல் நாற்று கருகிவிடும். உப்புக் குளத்து நீரைப் பயிருக்கும் விடக்கூடாது, ஏரி வாய்க்காலிலும் விடக்கூடாது. சந்தேகம் இருந்தால் ஒரு பாட்டில் நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பளவு பார்த்துக்கொள்ளலாம். பாசியைக் கொல்ல மயில்துத்தம் போட்டிருக்கிறார்களா என்பதையும் விசாரிக்க வேண்டும். மயில்துத்தம் கலந்த நீரில் மீன் பிழைக்காது.

மீன் விடுதல்

காலி செய்ய முடியாத குளத்திற்கு நான் முதலில் சொல்வது மீன்தான். கொசுப்புழுவைத் தின்பதற்கென்றே கம்பூசியா மீன் 1928-இல் இத்தாலியிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. வளர்ந்த மீன் ஒன்று நாளொன்றுக்கு 100 முதல் 300 புழுக்கள் வரை தின்னும். கப்பி மீன் அதில் பாதிக்கும் குறைவாகவே தின்றாலும், அழுக்கு நீரைத் தாங்கும். சதுர மீட்டருக்கு 5 முதல் 10 மீன் என்பது கணக்கு. மேலே சொன்ன குளத்தின் பரப்பு சுமார் 42 சதுர மீட்டர். 200 முதல் 400 மீன் போதும். இரண்டுமே குட்டி போடும் இனம் என்பதால் பிறகு தானே பெருகிக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கை. கம்பூசியா பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தவளைக் குஞ்சையும் விட்டுவைப்பதில்லை. ஏரி, குளம், வாய்க்காலில் அதை விடுவது தவறு. கார்த்திகை மழையில் நிரம்பி வழிந்து ஏரிக் கால்வாயில் கலக்கக்கூடிய நீச்சல் குளத்திலும் அதை விடவேண்டாம். அந்த இடங்களுக்கு நம் ஊர் மீனே போதும். ஏரி மதகு ஓரத்திலும் தாமரைக் குட்டையிலும், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு வைத்ததுபோல் மின்னிக்கொண்டு, நீரின் மேற்பரப்பிலேயே திரியும் சிறு மீனை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் துண்டைப் போட்டுப் பிடிப்பார்களே, அதுதான். கொசுப்புழுவும் மேற்பரப்பில்தான் இருக்கிறது. அதன் வாயும் மேல்நோக்கியே அமைந்துள்ளது. விலை கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. விராலை மட்டும் கூட விட்டால் சிறு மீன்களை ஒன்று விடாமல் தீர்த்துவிடும்.

குளோரின் வாடை நின்று ஒரு வாரம் ஆனபின் மீன் விட வேண்டும். முதல் நாள் பத்து மீனை விட்டுப் பார்த்து, மறுநாள் உயிரோடிருந்தால் மீதியை விடலாம்.

மருந்தும் மருந்தல்லாததும்

வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தில் மிச்சம் இருந்ததைக் குளத்திலோ பாழ்கிணற்றிலோ ஊற்றிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இதை வன்மையாகக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. மணற்பாங்கான நிலத்தில் அது ஊற்றில் இறங்கிக் குடிநீருக்கு வரும். மாடு அந்த நீரைக் குடிக்கும். கொசுப்புழுவைத் தின்னும் பூச்சிகளும் மீனும் முதலில் சாகும். கொசு திரும்ப வரும்போது தின்பதற்கு யாரும் இருக்கமாட்டார்கள். புகையான் விஷயத்தில் நாம் பட்ட பாடு இதுவே.

பிளீச்சிங் பவுடரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொசு என்றதும் தெரு ஓரத்தில் வெள்ளைக் கோடு போடுவது நம்மூரில் ஒரு சடங்காகிவிட்டது. கிருமியைக் கொல்லப் பிளீச்சிங் பவுடர் பயன்படும். குடிநீரில் கலக்கும் அளவுக்கு நீச்சல் குளத்தில் போட்டால் கொசுப்புழு சாவதில்லை; சருகு மிதக்கும் தேங்கிய நீரில் அதன் வீரியமும் ஒரு நாளில் போய்விடும். மண்ணெண்ணெய் ஊற்றினால் சிறு குழியில் பயன் உண்டு. பெரிய குளத்தில் காற்று அந்தப் படலத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிவிடும்.

சரியான மருந்துகள் இரண்டு. ஒன்று, அபேட் என்று வழங்கும் டெமிபாஸ். இதை ஆரம்ப சுகாதார நிலையத்தினர், நீரின் அளவைக் கணக்கிட்டு அவர்களே தெளிக்கிறார்கள். மற்றொன்று நமக்கு உறவுமுறை உள்ளது. காய்ப்புழுவுக்குத் தெளிக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தை விவசாயிகள் அறிவீர்கள். அதே இனத்தில் கொசுப்புழுவை மட்டும் கொல்லும் ஒரு வகையை 1976-இல் இஸ்ரேல் நாட்டுப் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் கண்டுபிடித்தார்கள். மீனுக்கும் மாட்டுக்கும் தீங்கில்லை. ஆனால் புழு அதைத் தின்றால்தான் சாகும். கூட்டுப்புழு தின்னாது. ஆகவே கூட்டுப்புழு தென்படும் முன்பே தெளித்து, அதன்பின் ஒன்று இரண்டு வாரத்திற்கொருமுறை திரும்பத் தெளிக்க வேண்டும்.

இவையெல்லாம் வேண்டாம், குளமே வேண்டாம் என்று சொந்தக்காரர் முடிவு செய்தால், மண் கொட்டி மூடுவதற்கு முன் தளத்தில் நாலைந்து இடங்களில் பெரிய துளை இடச் சொல்ல வேண்டும். துளையிடாமல் மூடினால் மழைக்காலத்தில் அது சதுப்பாகி, வைத்த மரமெல்லாம் வேரழுகிச் சாகும்.

நம் பக்கத்துக் கணக்கு

அடுத்தவர் குளத்தைச் சொல்லும்போது நம் வேலிக்குள்ளும் பார்க்க வேண்டும். கடலோர மணலில் சவுக்குக் கன்றுக்குக் குடத்தால் நீர் ஊற்றத் தோண்டும் ஊற்றுக்குழிகள், கன்று பிடித்தபின் அப்படியே விடப்படுகின்றன. தர்பூசணிக்குத் தோண்டும் குழிகளும் அவ்வாறே. வேலை முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூட ஒரு ஆள் அரை நாள் வேலை. பம்ப்செட் தொட்டியை வாரம் ஒரு நாள் முழுக்க வடித்துக் காயவிடலாம். பயன்படாத கிணற்றில் மீன் விடலாம். அல்லது தெர்மக்கோல் மணிகளை நீர்ப் பரப்பு மறையும்படி மிதக்கவிட்டால் கொசு முட்டையிட முடியாது. காற்றும் வழிந்தோட்டமும் இல்லாத கிணற்றுக்கு மட்டும் இது ஏற்றது. திறந்த நீச்சல் குளத்துக்கு உதவாது. தோப்பில் எலி கடித்து விழுந்த குரும்பையும், மாமல்லபுரம் சாலையோரக் கடைகளில் மலையாகக் குவியும் இளநீர் மட்டையும் ஏடிஸ் கொசுவின் தொட்டில்கள். நான்காகப் பிளந்து போட்டால் நீர் நிற்காது. தென்னைக்கு மூடாக்காகவும் ஆகும்.

நெல் வயலைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். மேட்டூர் நீர் வந்தபின் பட்டுக்கோட்டைப் பகுதியில் மலேரியா தலைதூக்கியதை ஆராய, 1930-களின் பிற்பகுதியில் பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவர் அங்கே தங்கிப் பணியாற்றினார். வயலில் நீரை விட்டு விட்டுப் பாய்ச்சினால் கொசுப்புழு பெருகாமல் தடுக்க முடியுமா என்று அவரும் உடன் பணியாற்றியவர்களும் சோதித்து 1942-இல் வெளியிட்டார்கள். நம் முன்னோர் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பதே அது. பிற்காலத்தில் மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தாரும் இம்முறையையும், அதனுடன் வேம்பைச் சேர்ப்பதையும் ஆராய்ந்தனர். நீர் சிக்கனத்திற்காக நாம் சிபாரிசு செய்யும் முறையே இதற்கும் உதவுகிறது. வயல் சமன் இல்லாமல் ஆங்காங்கே பள்ளத்தில் நீர் நின்றால் மட்டும் பயன் கிட்டாது. புழு அங்கே ஒதுங்கிக்கொள்ளும்.

முறையிடுவது எங்கே?

சொந்தக்காரர் கண்டுகொள்ளாவிட்டால் என்ன செய்வது? 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. கொசு பெருகும்படி நீரைத் தேங்கவிடுவது சட்டப்படி குற்றம். தனியார் இடமானாலும் சுகாதார அதிகாரிகள் நோட்டீஸ் கொடுத்து நடவடிக்கை எடுக்கலாம். ஊராட்சி அலுவலகத்திலும், வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுகாதார ஆய்வாளரிடமும் எழுத்து மூலமாகக் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ள வேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் எழுப்பித் தீர்மானமாக எழுதச் சொல்லலாம். பொதுவாக "கொசு அதிகம்" என்று எழுதினால் புகை அடித்துவிட்டுப் போவார்கள். எந்த இடத்தில் குளம், எத்தனை நாளாகப் பச்சையாகக் கிடக்கிறது, கிண்ணத்தில் முகந்தபோது புழு இருந்ததா என்று எழுதினால் குளத்தைப் பார்க்க வருவார்கள்.

காவல் வேலையில் இருப்பவர், முதலாளிக்கு எதிராக மனு கொடுப்பது எளிதல்ல என்பதை அறிவேன். அவர் மீன் விடுவதற்கு அனுமதி கேட்கலாம். செலவில்லாத காரியத்தைப் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

மீன் கொண்டுவரும்போது வாளியில் பாதி நீர் போதும். காலை வேளையில் கொண்டுவருவது நல்லது. வந்ததும் கொட்டிவிடாமல், வாளியைக் குளத்து நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, குளத்து நீரைச் சிறிது சிறிதாக வாளியில் சேர்த்து, மீன் தானாக வெளியேறும்படி வாளியைச் சாய்க்க வேண்டும். குளத்தின் ஓரத்தில் ஒரு பலகையையோ தென்னை மட்டையையோ சரிவாகச் சாய்த்து வைத்தால், தவறி விழும் தவளையும் ஓணானும் ஏறிப் பிழைத்துக்கொள்ளும். பிள்ளைகள் ஏறிப் பிழைப்பார்கள் என்று நம்ப முடியாது. பச்சை நீரில் ஆழம் தெரியாது, சுவர் வழுக்கும். ஆகவே, மீன் விட்ட குளமானாலும் சுற்றிலும் முள்வேலியாவது போட்டு, படலைச் சாத்திப் பூட்டிவைக்க வேண்டும்.